லைனில் கொக்கி

வெங்கடபதி என்று பேர் சொல்லிக் கேட்டால் புளியம்பட்டிப் பக்கம் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ஃபிட்டர் நாயுடு என்று கேட்க வேண்டும், அப்போது சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் முப்பத்திரண்டு வருசம் எலெக்ட்ரிக் ஃபிட்டராக இருந்தவர். குடும்பம் ஊரில், இவர் வாராவாரம் வந்து போவார். மில்லை மூடியதும், அப்பன் வைத்துவிட்டுப் போன அஞ்சு ஏக்கர் தென்னந்தோப்புக்கே வந்து சேர்ந்துவிட்டார். வந்தும் கை சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் எந்த மோட்டார் படுத்துக்கொண்டாலும் ஆள் தேடி வருவது இவரைத்தான். காயில் போயிருக்கிறதா, கெபாசிட்டர் போயிருக்கிறதா என்று பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தே சொல்லிவிடுவார். காசு வாங்க மாட்டார். "நாயுடு கை வெச்சா மோட்டாரு எந்திரிச்சு உக்காந்துக்கும்" என்று நாலு பேர் சொல்லக் கேட்டால் போதும். அந்தப் பேச்சின் மேல் அவருக்கு ஆசை கொஞ்சம் எச்சுதான்.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு அந்த ஆடி மாசத்தில் தலைநிமிர முடியாமல் போனது.

மகன் ஹர்ஷாவுக்கு பம்புசெட் கம்பெனியில் வேலை. ஒரு வருசம் குஜராத்தில் போய் இரு என்று அனுப்பிவிட்டார்கள். மருமகள் பிரத்யுஷா, ஆர்.எஸ்.புரத்துப் பெண். கல்யாணமாகி எட்டு மாசம். அமெரிக்காக்காரன் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைப் படித்து ஒவ்வொரு நோவுக்கும் ஒரு நம்பர் போட்டு அனுப்புகிற வேலை அவளுக்கு. கம்பெனி பெங்களூரில். "நான் பெங்களூர்ல ஹாஸ்டல்ல இருந்துக்கறேங்க மாமா" என்றுதான் அவள் முதலில் சொன்னாள். வெங்கடபதிதான் விடவில்லை. நம்ம வீடு இருக்கும்போது ஹாஸ்டல் எதுக்கு, மாடி ரூம் காலியாத்தான் கிடக்கிறது, லைனை நான் பாத்துக்கறேன் என்று மகனிடமும் சம்பந்தியிடமும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அவர் சொல்லை நம்பித்தான் அவள் வந்து இருந்தாள்.

ஆறு மாசம் நன்றாகத்தான் ஓடியது. ஆடி பிறந்தது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் தோப்பு ஓவென்று இரைந்தது. மட்டைகள் தொப்புத் தொப்பென்று விழுந்தன. துணி காயப்போட்டால் பக்கத்துத் தோட்டத்தில் போய்ப் பொறுக்க வேண்டியிருந்தது. அதோடு இன்டர்நெட்டும் படுத்துக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் அரிசியும்பருப்புஞ்சோறு வெந்து, பெண்டாட்டி ராமாமணி மேலே நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தபோது பிரத்யுஷா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மூஞ்சி செத்துக் கிடந்தது.

"என்னம்மா, மேலுக்குச் சுகமில்லையா?" என்றாள் ராமாமணி.

"இல்லீங்கத்தை. மீட்டிங்ல மூணு தடவ கட் ஆயிருச்சு. நாலாவது தடவ நான் வர்றதுக்குள்ள மீட்டிங்கே முடிஞ்சுருச்சு."

"காத்துக்கு அப்பிடித்தான் அம்மணி. கேபிள்காரனுக்குச் சொல்லிரலாம்," என்றார் வெங்கடபதி.

"மேனேஜர் புதன்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க மாமா. அதுக்குள்ள லைன் சரியாகலைன்னா வியாழக்கிழமையிலிருந்து பெங்களூர் ஆபீசுக்கே வந்துரச் சொல்றாங்க. இல்லைன்னா வேலையை விட்டுரச் சொல்றாங்க. இன்னும் பர்மனன்ட் ஆகலீங்களே."

ராமாமணி கரண்டியைக் கீழே வைத்தாள். வெங்கடபதி சோற்றைப் பிசைந்துகொண்டே, "புதன்கிழமை என்ன, நாளைக்கே சரி பண்ணிருவோம்," என்றார்.

சொல்லிவிட்டாரே ஒழிய உள்ளுக்குள் அரிப்பு. கேபிள்கார தம்பிதுரைக்குப் போன் போட்டால், "காத்துல எங்க பாத்தாலும் லைன் கட்டாயிருக்குதுங்க, செவ்வாய்க்கிழமை வாரேனுங்க," என்றான். ஊருக்கெல்லாம் மோட்டார் எழுப்புகிற ஆள், தன் வீட்டுப் பெட்டி ஒன்றை எழுப்ப இன்னொருத்தன் வரும்வரை காத்திருப்பதா?

ஞாயிற்றுக்கிழமை பிரத்யுஷாவை ஆடிக்கு அழைத்துப் போக அவள் அம்மா வீட்டிலிருந்து கார் வந்தது. பொழுதோடு திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனாள். கார் கேட்டைத் தாண்டியதும் இவர் மாடி ஏறினார்.

கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். சிட்டா எடுக்க ஒருக்கா அவளே சொல்லிக் கொடுத்தது. "ஆபீஸ் வேலை இதுலதான் இருக்குதுங்க மாமா, வேற எதையும் மட்டும் தொட்டறாதீங்க," என்றும் சொல்லியிருந்தாள். அது ஞாபகம் வந்தது. வந்ததை அக்கட்டால தள்ளிவைத்துவிட்டு, போனைச் சுவரோரம் சாய்த்து வீடியோவைப் போட்டார். இன்டர்நெட் வேகத்தை ஏற்றப் பத்து செட்டிங் என்று ஒரு பையன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் ஓடுவதையெல்லாம் நிறுத்து என்றான், நிறுத்தினார். கரண்டு மிச்சம் பிடிக்கிற டிக்கை எடு என்றான், எடுத்தார். ஒரு கட்டத்தில் இருக்கும் நம்பரை அழித்துவிட்டு நான் சொல்கிற நம்பரைப் போடு என்றான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குத்தினார். பத்தாவதாக, உங்கள் வைஃபை பெட்டிக்குள்ளேயே போய்ப் பாருங்கள், யார் யார் உங்கள் லைனை இழுக்கிறார்கள் என்று தெரியும் என்றான்.

அதைக் கேட்டதும் வெங்கடபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெட்டியைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து எழுத்துகளை அடித்தார். பக்கம் திறந்தது. ஏழு வரி இருந்தது. தன் போன், ராமாமணி போன், டிவி மூன்றும் பேரோடு இருந்தன. மற்ற நாலுக்கும் பேர் இல்லை, எழுத்தும் நம்பரும் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு வாரத்தில் எவ்வளவு இழுத்திருக்கிறது என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. பேரில்லாத நாலில் ஒன்று, மற்ற ஆறும் சேர்ந்து இழுத்ததைப்போலப் பத்து மடங்கு இழுத்திருந்தது.

"அட திருட்டு நாயே," என்றார் வாய்விட்டு.

அவர் பிழைத்த பிழைப்பு அப்படி. தோட்டத்தில் வோல்டேஜ் இறங்கினால் அவர் மோட்டாரைப் பார்க்க மாட்டார். கம்பி போகிற வழியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். எங்காவது ஒரு மூங்கில் கழியில் வயரைக் கட்டி எவனாவது லைனில் கொக்கி போட்டிருப்பான். யார் எச்சாக இழுக்கிறானோ அவன்தான் திருடன். அதில் அவர் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. இந்த லைனிலும் எவனோ கொக்கி போட்டிருக்கிறான் என்று மனசுக்குள் தீர்ந்துபோயிற்று. அந்த வரிக்கு நேராக வேகத்தைக் குறைக்க ஒரு கட்டம் இருந்தது. மோட்டாருக்கு ரிலே வைக்கிற மாதிரி அதை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தார். தன் போனில் ஒரு வீடியோவைத் தட்டிப் பார்த்தார். பறந்தது.

கீழே வந்து ராமாமணியிடம் ஒரு டம்ளர் காப்பி கேட்டார். என்ன செய்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. மருமகள் திங்கட்கிழமை தானாக வந்து, லைன் நல்லா இருக்குதுங்க மாமா என்று சொல்லட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

திங்கட்கிழமை மாடியிலிருந்து, "ஹலோ? கேக்குதுங்களா? ஹலோ?" என்ற சத்தம்தான் வந்தது. பத்துத் தடவை, இருபது தடவை. அப்புறம் நாற்காலியைத் தள்ளுகிற சத்தம். பிரத்யுஷா இறங்கி வந்து, தன் போனிலிருந்து லைன் எடுத்துப் பார்ப்பதாகச் சொல்லித் தோப்புக்குள் சிக்னல் தேடிப் போனாள். தென்னை மரத்தடியில் போனை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பதை வெங்கடபதி ஜன்னல் வழியே பார்த்தார்.

அப்போதே அவருக்கு மனசின் ஒரு மூலையில் சுருக்கென்றது. நாம் கை வைத்ததுதான் காரணமோ? மேலே போய் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடலாமா? ஆனால் எது எது பழையபடி என்பது அவருக்கு ஞாபகமில்லை. அவள் எதிரில் போய் உட்கார்ந்து அதைத் தேடவும் முடியாது. தன் போனில் பறக்கிற லைன் அவள் கம்ப்யூட்டரில் மட்டும் ஊர்கிறது என்றால்? கொக்கி போட்டவன் உஷாராகி வேறு வழியில் இழுக்கிறான். இப்படி நினைத்ததும் மனசுக்குச் சித்தெ லேசாக இருந்தது.

யார் இழுப்பான்? சுற்றிலும் தோப்பு. பின்சுவரிலிருந்து அறுபதடியில் இருப்பது ஒரே வீடு. கம்பிவேலியை ஒட்டி மாசாணம் வீடு.

மாசாணத்துக்கும் வெங்கடபதி வயசுதான். அந்தத் தோப்பு கன்றாக இருந்தபோது குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவர். முப்பது வருசமாகத் தேங்காய் போடுவது, உரிப்பது, மடை மாற்றுவது எல்லாம் அவர்தான். பெண்டாட்டி பாவாத்தாளும் கூடவே வேலைக்கு வருவாள். மகள் இனியா லேப் டெக்னீசியன் படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை வெங்கடபதியைச் சார் என்று கூப்பிடும். அவள் அப்பன் ஐயனுங்க என்கிற இடத்தில் இவள் சார் என்பது ஏனோ அவருக்கு ஒரு முள்ளாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. களத்தில் உரிப்பு நடந்துகொண்டிருந்தது. மாசாணம் பாரையைத் தரையில் ஊன்றி, ஒரு குத்து, ஒரு திருப்பு, மூன்றாவது இழுப்பில் மட்டை கழன்று விழ, காயைப் பின்னால் வீசிக்கொண்டிருந்தார். பாவாத்தாள் மட்டைகளை அக்கட்ட குவித்துக்கொண்டிருந்தாள். தேங்காய் வியாபாரியின் டெம்போ வந்து நின்றிருந்தது. லோடு ஏற்ற வந்த நாலு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். இனியா அப்பாவுக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, கையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் போன்தான் வெங்கடபதியின் கண்ணில் பட்டது.

"மாசாணம்," என்றார்.

"ஏனுங்க ஐயனுங்க."

"உம்புள்ள காத்தாலிருந்து அந்தப் போனைத்தான் நோண்டிட்டிருக்குது. அதுக்கு லைனு எங்கிருந்து வருது?"

மாசாணம் பாரையில் குத்திய காயை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். "என்னுங்க, புரியலீங்க."

"புரியாதா? என்ற ஊட்டு லைனை எவனோ கொக்கி போட்டு இழுக்கறான். மேல என்ற மருமக வேலை போகப் போவுது. சுத்துமுத்துல உன்ற ஊட்ட உட்டா வேற யாரு இருக்கறாங்க?"

லோடுக்காரர்கள் டீ டம்ளரை வாயில் வைத்தபடி நின்றார்கள்.

இனியாதான் முன்னால் வந்தாள். "சார், நான் ரீசார்ஜ் பண்ணித்தான் யூஸ் பண்றேன். உங்க லைனை நாங்க எதுக்குங்க எடுக்கறோம்?"

"குடு பாப்பம்."

"எதைங்க?"

"போனைக் குடு. இல்லைங்கறவ காட்டறதுக்கு என்ன?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக அசைத்தார். பூட்டைத் திறந்து கொடுத்தாள். ஒரு வயசுப்பிள்ளையின் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார் வெங்கடபதி. ஏதோ ஒரு போட்டோ வந்தது, தள்ளினார். வைஃபை என்கிற இடத்தைத் தட்டியதும் பழைய பேர்களின் பட்டியல் வந்தது. அதில் மூன்றாவதாக, ஹர்ஷா வைத்த பேரே இருந்தது. வெங்கடபதி ஹோம்.

"இது யாரு? உங்கொப்பன் பேரா?" என்று போனை லோடுக்காரர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "வெங்கடபதின்னு போட்டிருக்குதா இல்லையா? நீங்களே பாருங்கப்பா."

"சார், அது கொரோனா சமயத்துல ஆன்லைன் கிளாசுக்குப் போட்டதுங்க. உங்க வீட்டு அம்மாதான் சொல்லி..." என்று இனியா ஆரம்பித்து, பின்வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே ராமாமணி முறத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "அப்புறம் நீங்க பெட்டியை மாத்துனதுக்கு அப்புறம் அது வேலையே செய்யறதில்லீங்க. வேணும்னா இப்ப கனெக்ட் பண்ணிப் பாருங்க."

ராமாமணி முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தாள்.

"இத்தன வருசமா நம்பி ஊட்டுப் பின்னால குடியிருக்க உட்டதுக்கு நல்ல மரியாத," என்றார் வெங்கடபதி. குரல் அவர் நினைத்ததைவிட உயரே போய்விட்டது. போன பிறகு இறக்கத் தெரியவில்லை. "தேங்காயில எத்தன போச்சோ அது யாருக்குத் தெரியும்!"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாயிலிருந்து விழுந்த நொடியே அவருக்கும் தெரிந்தது. டெம்போ டிரைவர் பார்வையை மாற்றிக்கொண்டான். பாவாத்தாள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இனியா போனுக்காகக் கையை நீட்டினாள். "சார், எனக்கு அது வேணுங்க, இன்னிக்கு..."

"கண்ணு, இரு," என்றார் மாசாணம். மகளின் நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினார். "அது உங்ககிட்டயே இருக்கட்டுங்க ஐயனுங்க. லைனு சரியாகுதான்னு பாருங்க. சரியாச்சுன்னா நாங்க எடுத்ததுன்னு வெச்சுக்கங்க. நான் என்ன சொல்லோணும்னு சொல்றீங்களோ அதைச் சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து, பாரையில் பாதி கிழிந்து நின்ற காயை உரித்து முடித்தார். அடுத்த காயை எடுத்தார்.

அப்போதாவது கொடுத்திருக்கலாம். நாலு பேர் பார்க்கிறார்களே, இப்போது திருப்பிக் கொடுத்தால் என்ன நினைப்பார்கள் என்று வெங்கடபதி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

ஃபிரிட்ஜ் மேல் வைத்த போன் பத்தரைக்கு ஒருக்கா அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. பதினொன்றுக்கு ரெண்டு தடவை. வேறு வேலையாக இருப்பதுபோல் வெங்கடபதி பழைய சுவிட்ச் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"யாரோ விடாமக் கூப்படறாங்க. கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வந்தரலாமுங்க," என்றாள் ராமாமணி.

"கேபிள்காரன் வரட்டும். கையும் களவுமாக் காட்டிப்போட்டுக் குடுக்கறேன்."

அதற்கப்புறமும் ரெண்டு தடவை அடித்தது. அப்புறம் நின்றுவிட்டது.

மூன்று மணிக்கு தம்பிதுரை வந்தான். வந்ததும் வெளியே வேலிக்காலில் லைனை ஒட்டுப் போட்டிருந்த இடத்தைப் பார்த்தான். காற்றில் ஆடி ஆடி மூட்டு லேசாகக் கழன்றிருந்தது. அதை வெட்டிப் புதுசாகப் போட்டுவிட்டு, "இனி பாருங்க, பறக்கும்," என்றான். மாடிக்குப் போய்ப் பார்த்தால் ஊர்ந்தது. தலையைச் சொறிந்துகொண்டு பெட்டிக்குள் போனான். பிரத்யுஷா பக்கத்தில் நின்றாள். வெங்கடபதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாரு தம்பி, ஒருத்தன் பத்து மடங்கு இழுத்திருக்கறான், அவன் எவன்னு பாரு," என்றார்.

தம்பிதுரை பார்த்தான். கம்ப்யூட்டரில் ஒரு இடத்தைத் தட்டி, அங்கே இருந்த எழுத்தையும் பட்டியலில் இருந்த எழுத்தையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"ஏனுங்க, அவன் எவனும் இல்லீங்க. இந்தக் கம்ப்யூட்டர்தானுங்க அது. நாள் பூரா வேலை பாத்தா இது இழுக்காம வேற எது இழுக்கும்? யாரோ இதோட கழுத்தையே புடிச்சு நெரிச்சு வெச்சிருக்கறாங்க பாருங்க!"

"மத்த மூணு?" என்றார் வெங்கடபதி.

"ஒண்ணு இந்த அக்கா போனு. ஒண்ணு அக்காவோட டேப்பு. இன்னொண்ணு மாடியில இருக்கற சோலார் பெட்டிங்க. வெளியாளு ஒருத்தரும் இல்லீங்க. அது போவட்டும், யாருங்க இதைப் பண்ணுனது?"

"கரண்டு போயிப்போயி வந்துச்சு. அதுல மாறியிருக்கும்."

"கரண்டு போயி வந்தா நம்பரு அடிக்காதுங்களே," என்றான் தம்பிதுரை. "கம்ப்யூட்டருக்குள்ளயும் எல்லாத்தையும் கலைச்சு வெச்சிருக்குது. விவரந்தெரியாத கை ஏதோ பூந்து வெளையாடியிருக்குதுங்க."

பிரத்யுஷா மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வினாடிதான். அவர் பார்வை தரையில் இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகத்தை அப்படியே மாற்றிக்கொண்டு, "நான்தான் தம்பி ஏதோ வீடியோ பாத்து மாத்தினேன். தெரியாமப் பண்ணிட்டேன். சரி பண்ணிருங்க," என்றாள்.

"நல்லா பண்ணுனீங்க போங்க்கா. படிச்சவங்க நீங்களே இப்பிடிப் பண்ணலாமுங்களா?" என்று சிரித்தான் அவன். அவளும் சிரித்தாள். வெங்கடபதி படியிறங்கிக் கீழே வந்துவிட்டார். தன்னை அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அரைமணி நேரத்தில் மாடியிலிருந்து அவள் கம்பெனி ஆட்களோடு பேசுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. ஹலோ ஹலோ இல்லாத பேச்சு. புதன்கிழமைக் கவலை தீர்ந்துபோயிற்று. ராமாமணி ஃபிரிட்ஜ் மேலிருந்த போனை எடுத்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அந்தப் புள்ளைக்கு அப்ப பாஸ்வேர்டு குடுத்தது நான்தானுங்க. உங்ககிட்டச் சொல்லல."

"காத்தால வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"நாலு பேருக்கு முன்னால நீங்க கத்திட்டிருந்தீங்க. நா குறுக்க வந்தா உங்களுக்குத் தலைகுனிவுன்னு பாத்தேன்."

"அப்ப அந்தப் புள்ளைக்கு?"

ராமாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வந்திரு," என்றார்.

"நா மாட்டனுங்க. வாங்குன கை உங்க கைதானுங்களே."

பொழுது சாய்கிற நேரத்துக்குத் தோப்பு வழியே நடந்தார். மேல்காற்று முதுகைத் தள்ளியது. இத்தனை வருசத்தில் மாசாணத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டிருக்கிறாரே தவிர, அந்த வீட்டு வாசலுக்குள் கால் வைத்ததில்லை. வேண்டுமென்று இல்லை, அப்படி ஒரு வேலை வந்ததில்லை என்றுதான் யாராவது கேட்டால் சொல்லியிருப்பார். யாரும் கேட்டதும் இல்லை.

வாசலில் சாணி தெளித்துச் சுத்தமாக இருந்தது. மாசாணம் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும், "வாங்க ஐயனுங்க," என்று பதறி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்து வந்து, துண்டாலேயே துடைத்துப் போட்டார். வெங்கடபதி உட்காரவில்லை. போனை நீட்டினார். இனியா வந்து வாங்கினாள். வாங்கியவள் திரையைப் பார்த்தாள். விடுவிடுவென்று வீட்டுக்குப் பின்னால் போனாள்.

"லைனு சரியாயிருச்சு மாசாணம்," என்றார் வெங்கடபதி.

"சந்தோசமுங்க."

"வெளியாளு யாரும் இல்லையாமா. கோளாறு நம்ம ஊட்டுக்குள்ளயே தானாமா."

"அப்பிடீங்களா."

அவ்வளவுதான். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசியிருப்பார். மாசாணம் சொல்லவில்லை.

பின்பக்கத்திலிருந்து இனியாவின் பேச்சு காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. "இல்லீங்க மேடம்... போன் எங்கிட்ட இல்லீங்க... இப்பக்கூட உடனே கெளம்பி... சரிங்க மேடம். சரிங்க." திரும்பி வந்தவள் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சத்தி டவுன்ல அந்த லேப்ல இருந்தும்மா. மத்தியானத்துக்குள்ள சர்ட்டிபிகேட் எடுத்துட்டு வரச் சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. ஆறு தடவ. எடுக்கலைன்னதும் அடுத்த பொண்ணுக்குச் சொல்லிப்போட்டாங்களாம்."

பாவாத்தாள் மகளின் தலையைத் தடவினாள். "போச்சாது உடு கண்ணு. இதில்லாட்டி இன்னொண்ணு."

வெங்கடபதி ஒரு அடி முன்னால் வந்தார். "நா போய்ப் பேசறேன் அந்த லேப்ல. எனக்குச் சத்தியில ஆளுக இருக்கறாங்க," என்றார்.

"வேண்டாங்க சார்," என்றாள் இனியா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நானே பாத்துக்கறேன்."

"மாசாணம், நா காத்தால பேசுனது..."

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்று மாசாணம் அவசரமாக மறித்தார். அந்தப் பேச்சு வந்துவிடுமோ என்று அவர் பயப்படுவதுபோல் இருந்தது. "நாளைக்கு மேக்கால வரிசையில காய் போட்டறலாமுங்களா? காத்து எச்சாச்சுன்னா மரமேற முடியாதுங்க."

"போடு," என்றார் வெங்கடபதி.

இனிப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. போய்விடலாம். ஆனால் இப்படியே போனால் எதுவும் சொல்லாமல் போனதாகத்தான் ஆகும். சொல்ல வாய் வரவில்லை, வந்தாலும் இவர்கள் கேட்க விடமாட்டார்கள். என்ன செய்வது என்று நின்றவர் கண்ணில், வாசற்படிக்கு உள்ளே மூடிவைத்திருந்த தண்ணிக் குடம் பட்டது. மேலே ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்திருந்தது.

"பாவாத்தா, குடிக்கச் சித்தெ தண்ணி குடு," என்றார்.

அவள் மாசாணத்தைப் பார்த்தாள். மாசாணம் தரையைப் பார்த்தார். இனியா அப்பாவையும் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

"இருங்க, வாரேனுங்க," என்று சொல்லிவிட்டு பாவாத்தாள் வாசலைத் தாண்டி, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாக வேகு வேகென்று நடந்தாள். எங்கே போகிறாள் என்று வெங்கடபதிக்கு முதலில் விளங்கவில்லை. குடம் இங்கே இருக்கிறது. மாசாணம் எதிரில் நின்றார். இருவரும் காற்றைப் பற்றிப் பேசினார்கள். போன வருசம் இதைவிடக் கம்மி என்றார் ஒருத்தர். ஆமாமுங்க என்றார் மற்றவர். வெங்கடபதி சேரில் உட்கார்ந்தார். அவர் வீட்டுப் பின்சுவரில் ஒரு ஆணி அடித்து, மாசாணத்துக்கென்று ஒரு டம்ளர் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை அவர்தான் அடித்தார். ராமாமணி அதில் மேலேயிருந்து காப்பி ஊற்றுவாள். முப்பது வருசமாக அது அங்கே தொங்குவது இப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

கால்மணி நேரம் கழித்து பாவாத்தாள் மூச்சு வாங்க வந்தாள். ரோட்டுக் கடையில் வாங்கிய தண்ணி பாட்டில் கையில் இருந்தது. அதைக்கூட நேராகப் பிடிக்காமல், முந்தானையால் சுற்றிப் பிடித்திருந்தாள். சேருக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

"கூலிங் இல்லாததுதான் இருந்துச்சுங்க. மூடி தெறக்காததுங்க," என்றாள்.

வெங்கடபதி எடுத்தார். மூடியைத் திருகினார். உள்ளங்கை வியர்த்திருந்தது, வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினார். எத்தனையோ மோட்டாரின் இறுகிப்போன நட்டையெல்லாம் கழற்றிய கைக்கு அது அசையவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த மாசாணம், பழக்கதோஷத்தில், கொடுங்க என்பதுபோல் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்து, ஈரத்துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நீங்களே தெறந்துக்கங்க," என்றார்.